2008 பென்ஸ் இ280 சிடிஐ: ஆயில் கசிவு, 2-3 கியரில் உதறல், நாலு நாளில் பேட்டரி காலி. வாங்கலாமா?

பொள்ளாச்சி_டீசல் (கேள்வி):

வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு இ280 சிடிஐ விலைக்கு வருகிறது. 2008 பதிவு, டபிள்யூ211 என்ற இ-கிளாஸ் தலைமுறையில் ஃபேஸ்லிஃப்ட் (பாதியில் திருத்தி வந்த) மாடல், வி6 டீசல், 7ஜி-ட்ரானிக் ஆட்டோமேட்டிக். மீட்டரில் 1,38,000 கி.மீ. இரண்டாவது ஓனர். 2016 வரை கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு இருக்கிறது. அதற்குப் பிறகு வெளியில்தான் பார்த்திருக்கிறார்கள், பில்கள் அரைகுறை. பாடி, உள்பக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது.

லிஃப்டில் ஏற்றியதிலும் ஓட்டியதிலும் தெரிந்த குறைகள்: இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் கறுப்பு ஆயில் ஈரம், சொட்டுகிறது. பார்த்த மெக்கானிக் "கிராங்க் பின் சீல் போயிருக்கு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்கிறார். இன்ஜின் சூடான பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு உதறல். மேடு ஏறும்போது சில நேரம் செக் இன்ஜின் லைட் வந்து பவர் போய்விடுகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது. நாலு நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை என்று ஓனரே சொல்லிவிட்டார்.

எதை முதலில் பார்ப்பது, எது பெரிய செலவு, எது சின்னது என்று தெரிந்தவர்கள் சொன்னால் விலை பேச உதவும்.

வி6_பள்ளத்தாக்கு:

கியர் பாக்ஸை இறக்க விடாதீர்கள். இது ஓஎம்642 இன்ஜின். இதில் அந்த இடத்தில் ஆயில் தெரிந்தால் கிராங்க் சீலைச் சந்தேகிக்கும் முன் ஆயில் கூலர் சீலைப் பார்க்க வேண்டும்.

ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே, வி பள்ளத்தில், டர்போவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கீழே உள்ள சீல்கள் வருடக்கணக்கில் சூட்டிலேயே இருந்து கெட்டியாகித் தட்டையாகிவிடும். கசியும் ஆயில் முதலில் பள்ளத்தில் தேங்கும். நிறைந்ததும் பின்பக்கத் துவாரம் வழியாக இறங்கி பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் கூடு) ஓரமாகச் சொட்டும். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அது அச்சு அசலாகக் கிராங்க் சீல் கசிவு மாதிரியே இருக்கும். சீலை மாற்றி, கியர் பாக்ஸை ஏற்றி, இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் சொட்டு விழுந்த வண்டிகள் நிறைய.

உறுதி செய்வது எளிது. இன்ஜின் மேல் மூடியைக் கழற்றி, மெல்லிய கேமரா வயரை டர்போவுக்குப் பின்னால் பள்ளத்துக்குள் விடுங்கள். அங்கே ஆயில் குளம் கட்டியிருந்தால் விஷயம் முடிந்தது. சந்தேகம் இருந்தால் இன்ஜின் ஆயிலில் யூவி டை கலந்து 100 கி.மீ. ஓட்டிவிட்டு யூவி லைட் அடித்துப் பார்க்கலாம். பள்ளம் காய்ந்திருந்து கீழே மட்டும் ஈரம் என்றால் அப்போது கிராங்க் சீலைப் பேசலாம்.

வேலை பெரியது, பாகம் சின்னது. சீல் விலை மொத்த பில்லில் ஒன்றுமே இல்லை, கூலிதான் செலவு. ஏர் டக்ட், இஜிஆர் குழாய்கள் (புகையின் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புபவை), இரண்டு இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டருக்குக் காற்று போகும் பாகம்), டர்போ எல்லாம் வெளியே வந்தால்தான் கூலர் கைக்கு எட்டும். பழகிய ஒர்க்‌ஷாப்பிலேயே இரண்டு நாள் பிடிக்கும். ஒரே நாளில் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சீல் வாங்கும்போது கவனம்: பழைய வகை ஆரஞ்சு நிறம், பிறகு வந்த திருத்திய வகை ஊதா நிறம், வைட்டான் ரப்பர். ஊதா மட்டும்தான் போட வேண்டும். பாக்கெட்டைப் பிரித்து நிறத்தைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

எல்லாம் கழன்று கிடக்கும்போது சேர்த்து மாற்ற வேண்டியவை: டர்போ வாய் சீல் (டர்போவுக்குள் காற்று நுழையும் இடத்தில் இருப்பது), இரண்டு மேனிஃபோல்டு கேஸ்கட், இஜிஆர் கேஸ்கட், டர்போ ஆயில் ரிட்டர்ன் சீல், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் சீல். இதில் எதையாவது மிச்சப்படுத்தினால் அதற்காகவே மறுபடி அதே கூலி கொடுக்க வேண்டிவரும்.

மேனிஃபோல்டுக்குள் இஜிஆர் கரி தார் மாதிரி ஒட்டியிருக்கும். அதைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் இன்ஜின் பாகங்களைக் காஸ்டிக் சோடா தொட்டியில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. இது அலுமினியம். காஸ்டிக் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். உள்ளே காற்றின் வழியைத் திறந்து மூடும் ஃபிளாப்களும் வீணாகும். டீசல், பிரஷ், பொறுமை, இவ்வளவுதான் தேவை. ஹெட்டில் திறந்திருக்கும் போர்ட்டுகளை உடனே டேப் போட்டு மூடச் சொல்லுங்கள். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்.

மேட்டில் பவர் போவதும் பெரும்பாலும் இதே கதையின் அடுத்த பக்கம்தான். டர்போ வாயில் இருக்கும் சீல் தளர்ந்தால் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாய்) வழியாக வரும் ஆயில் அங்கிருந்து ஒழுகும். நேர் கீழே இன்டேக் ஃபிளாப்பை ஆட்டும் மோட்டார். ஆயில் அதற்குள் இறங்கினால் மோட்டார் சிக்கும், ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) லிம்ப் மோடுக்கு, அதாவது பவரைக் குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு நிலைக்குப் போகும். ஸ்கேனரில் இன்டேக் ரன்னர் (ஃபிளாப் இருக்கும் காற்று வழி) சம்பந்தமான பிழைக் கோடு (எரர் கோட்) வருகிறதா பாருங்கள். பூஸ்ட் குறைவு என்று வந்தால் இன்டர்கூலர் ஹோஸ்களைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், மடிப்பில் வெடிப்பு தெரியும்.

கியர்மணி:

பள்ளத்தாக்கு சொன்னது முழுக்கச் சரிங்க. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெள்ளை டிஷ்யூவில் அந்த ஈரத்தை ஒற்றிப் பாருங்க. கன்னங்கரேல் என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு அல்லது செம்பழுப்பு என்றால் கியர் பாக்ஸ் ஆயில். இரண்டும் சேர்ந்து கசிவதும் உண்டு. கியர் பாக்ஸ் பக்கம் கசிந்தால் வயரிங் சாக்கெட் நுழையும் இடத்து ஓரிங், ஆயில் பேன் கேஸ்கட், கூலர் லைன் ஜாயின்ட், இந்த வரிசையில் பாருங்க.

2-3 உதறலுக்கு நேராக வால்வ் பாடி (பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தத்தால் கியரை மாற்றும் பாகம்) விலை கேட்கப் போகாதீங்க. 1,38,000 கி.மீ.யில் ஆயில் எத்தனை முறை மாறியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயில் இது. "லைஃப்டைம் ஆயில், தொட வேண்டாம்" என்று சொல்லியே பல பாக்ஸ்களைக் கொன்றிருக்கிறார்கள்.

இந்த வருடத்து 7ஜி-க்கு எம்பி 236.14 அப்ரூவல் (பென்ஸ் கம்பெனியின் ஆயில் தர எண்) உள்ள சிவப்பு ஆயில். 236.15 என்று நீல ஆயில் கடையில் கிடைக்கும், அது பின்னால் வந்த பாக்ஸ்களுக்கு. புதுசு என்றால் இன்னும் நல்லது என்று நினைத்து ஊற்றிவிட வேண்டாம்.

மாற்றும் முறை: இந்த பாக்ஸில் டிப்ஸ்டிக் குழாய் கிடையாது. பேனில் இருக்கும் டிரெய்ன் (ஆயில் வடிக்கும்) போல்ட்டைக் கழற்றினால் கொஞ்சம்தான் வரும், ஏனென்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஓவர்ஃப்ளோ குழாய் நிற்கிறது. அதை மேலே தள்ளிவிட்டால் மிச்சமும் இறங்கும். குழாய், ஃபில்டர், கேஸ்கட் மூன்றும் புதுசு போடணும். பேனில் இருக்கும் காந்தத்தைப் பாருங்க. மெல்லிய சாம்பல் பசை மாதிரி இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் இரும்புத் துணுக்கு இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்க, விலை எவ்வளவு குறைத்தாலும்.

ஆயிலை அதே டிரெய்ன் துவாரம் வழியாக அடாப்டர் போட்டு பம்ப் செய்து கீழிருந்து மேலே ஏற்றணும். வெளியே வந்ததை அளந்து அதே அளவு முதலில். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு எல்லா கியருக்கும் ஒரு சுற்றுப் போய் வந்து பி-யில் (பார்க்) வைத்து, ஸ்கேனரில் ஆயில் சூடு பாருங்க. சரியாக 45 டிகிரி வரும்போது ஓவர்ஃப்ளோ வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்தால் அளவு சரி. கம்பி மாதிரி ஓடினால் அதிகம். ஒன்றுமே வராவிட்டால் குறைவு. சூடு பார்க்காமல் "நிறைஞ்சிடுச்சு" என்று மூடுபவரிடம் வேலை கொடுக்காதீங்க. இந்த பாக்ஸ் அரை லிட்டர் குறைந்தாலும் உதறும். நீங்கள் சொல்லும் உதறலுக்கே அதுதான் காரணமாக இருக்கலாம்.

வண்டி ஓடும்போதே திடீரென்று ஒரே கியரில் நின்றுவிட்டு, ஆஃப்-ஆன் செய்ததும் சரியானால் அது வேறு நோய். பாக்ஸுக்குள் கண்டக்டர் பிளேட்டில் (சென்சார்களும் இணைப்புகளும் உள்ள தட்டு) இருக்கும் ஸ்பீடு சென்சார். அது கண்ட்ரோல் யூனிட்டோடு ஒட்டியே வரும். யூனிட் அந்த வண்டியின் சேஸிஸ் நம்பரோடு பூட்டப்பட்டது. பழைய வண்டியிலிருந்து கழற்றி அப்படியே மாட்டினால் வேலை செய்யாது, கோடிங் வேணும். விலை பேசும் முன் இந்தக் கோடு இருக்கிறதா என்று கட்டாயம் ஸ்கேன் பண்ணிடுங்க.

மில்லிஆம்ப்:

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு போட்டால் பாதி விடை கிடைத்துவிடும். இந்த வண்டிக்கு ஏஜிஎம் வகை (ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும், சீல் செய்த பேட்டரி), 95 ஏஎச் (ஆம்ப்-மணி) பேட்டரி. எல்லாம் தூங்கியபின் வண்டி இழுக்கும் கரண்ட் 50 மில்லிஆம்புக்குள் இருக்க வேண்டும். அப்படியானால் நாலு நாளில் 5 ஏஎச் கூடப் போகாது. நாலு நாளில் ஸ்டார்ட் ஆகாத அளவுக்கு இறங்குகிறது என்றால், நல்ல பேட்டரியாக இருந்தால் அரை ஆம்ப் அளவுக்கு ஏதோ இழுக்கிறது. இல்லையென்றால் பேட்டரியே செத்துவிட்டது. முதலில் பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றி லோடு டெஸ்ட் போடுங்கள். அதில் தேறினால் மட்டும் அடுத்த வேலை.

கரண்ட் அளக்கும் முறையில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். டிக்கியைத் திறந்து வைத்து, பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் டிக்கி திறந்திருக்கிறது என்றே வண்டி நினைத்துக்கொண்டிருக்கும். பானெட்டும் மூடியிருக்க வேண்டும். டிக்கி தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் வயரில் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டி, ரிமோட்டில் லாக் செய்து, சாவியை வண்டியிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்விடுங்கள். கீலெஸ்-கோ (சாவி பையில் இருந்தாலே கதவு திறக்கும் வசதி) இருந்தால் இது ரொம்ப முக்கியம். பிறகு அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், தொடாமல் விடுங்கள். லாக் செய்தவுடன் பல ஆம்ப் காட்டும், படிப்படியாக இறங்கும். இறங்கி எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு.

அதிகமாக நின்றால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்காதீர்கள். ஒன்றைப் பிடுங்கிச் செருகினால் தூங்கிய யூனிட்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும், பிறகு மறுபடி அரை மணி நேரம். அதற்குப் பதில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு புள்ளியிலும் முனையை வையுங்கள். பூஜ்யம் காட்டினால் அந்த வழியில் கரண்ட் போகவில்லை. ஏதாவது காட்டும் ஃப்யூஸைப் பிடித்துக்கொண்டு அந்த சர்க்யூட்டைத் தேடலாம்.

கோவை, பொள்ளாச்சி மாதிரி மழையும் மரமும் உள்ள இடத்தில் நின்ற வண்டி என்றால் தண்ணீரை முதல் சந்தேகமாக வைப்பேன். வைப்பருக்குக் கீழே உள்ள தொட்டியின் இரண்டு ஓரத்திலும் வடிகால் இருக்கிறது. வேப்பிலை, புளிய இலை மக்கி அதை அடைத்துவிடும். தண்ணீர் தேங்கினால் ஏசி புளோயர் பக்கமும், இன்ஜின் அறையின் பின்மூலையில் இருக்கும் ஃப்யூஸ் பெட்டிக்குள்ளும் போகும். சன்ரூஃப் மூலையிலுள்ள ஓட்டையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வெளியே வடிகிறதா பாருங்கள். அடைத்திருந்தால் கம்ப்ரஸர் காற்று அடிக்க வேண்டாம். உள்ளே டியூப் ஜாயின்ட்டிலிருந்து கழன்று, தண்ணீர் நேரே மிதியடிக்கு இறங்கும். புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிறு போதும்.

டிக்கி தரைவிரிப்பைத் தூக்கி பேட்டரிக் குழியில் ஈரமோ துருவோ இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். டெயில் லைட் கேஸ்கட் வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேதான் சேரும். பின் ஃப்யூஸ் பெட்டியும் டிக்கிக்குள்தான்.

பேட்டரி மாற்றினால் ஏஜிஎம் மட்டும். டிக்கிக்குள் இருப்பதால் வாயு வெளியேறும் சின்ன டியூப் உண்டு. மலிவு பேட்டரி போட்டு அந்த டியூபை மாட்டாமல் விட்ட வண்டிகளைப் பார்க்கலாம். அது ஆபத்து, உள்ளிருக்கும் இரும்பையும் அரிக்கும்.

பொள்ளாச்சி_டீசல்:

எல்லோருக்கும் நன்றி. இன்று கேமரா விட்டுப் பார்த்தோம், பள்ளத்தில் ஆயில் தேங்கி நிற்கிறது. டிஷ்யூவில் கறுப்புதான். ஸ்கேனரில் இன்டேக் ஃபிளாப் கோடு ஒன்று, கியர் பாக்ஸில் கோடு எதுவும் இல்லை. மெக்கானிக் அந்த மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஒரு ரெசிஸ்டர் வைத்தால் லைட் வராது, செலவு மிச்சம் என்கிறார். செய்யலாமா? மொத்தத்தில் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?

வி6_பள்ளத்தாக்கு:

ரெசிஸ்டர் வேண்டாம். அது ஈசியுவை ஏமாற்றும், அவ்வளவுதான். ஃபிளாப் எந்த நிலையில் நின்றதோ அப்படியே நிற்கும், அல்லது இணைப்புக் கம்பி கழன்று தானாக ஆடும். பாதி மூடி நின்றால் மேல் ஆர்பிஎம்மில் காற்றுப் பஞ்சம், கரும்புகை. கூலர் சீலுக்காக மேனிஃபோல்டும் டர்போவும் கழலும்போது மோட்டார் கண்ணெதிரே இருக்கும், தனிக் கூலி கிடையாது. அப்போதே புதுசு போட்டு, ஃபிளாப் தண்டுகளைக் கையால் திருப்பி இரண்டு பக்கமும் லேசாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். டர்போ வாய் சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் புதுசும் ஆயிலில் ஊறும்.

மூடும் முன் இன்னொன்று. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். லேசாகப் புகை வந்தால் சரி. மூடியைத் தூக்கி எறிகிற மாதிரி காற்று அடித்தால் பிரீதர் அடைப்பு, அல்லது ரிங் தேய்மானம். அதைச் சரி செய்யாமல் போட்ட சீல் எதுவும் நிற்காது.

ஆயில்: 229.51 அப்ரூவல் உள்ள 5டபிள்யூ-30. கொள்ளளவு எட்டரை லிட்டர் அளவில். முதலில் 8 ஊற்றி, ஓடவிட்டு, அளவு பார்த்து மிச்சம். மேனுவலில் உள்ள இடைவெளியைப் பார்க்காமல் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலோ அதில் மாற்றுங்கள்.

ஒதுக்கும் தொகை பற்றி என் கருத்து: வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள், முதல் வருடத்துக்கு. கூலர் வேலை, கியர் பாக்ஸ் ஆயில், பேட்டரி, கூலன்ட், டயர் எல்லாம் அதற்குள் வரும். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் இந்த வண்டி வேண்டாம். விலை குறைவு என்பதற்காக வாங்கி, கசிவோடு ஓட்டுவதுதான் இதில் மிகப் பெரிய செலவு.

கியர்மணி:

பாக்ஸில் கோடு இல்லை என்பது நல்ல செய்திங்க. ஆயில், ஃபில்டர் மாற்றி, 45 டிகிரியில் அளவு வைத்து, அடாப்டேஷன் ரீசெட் (பாக்ஸ் கம்ப்யூட்டர் கற்றுவைத்த பழைய அளவுகளை அழிப்பது) செய்து 300 கி.மீ. மென்மையாக ஓட்டிப் பாருங்க. உதறல் குறையத்தான் வாய்ப்பு அதிகம். கூடவே இன்ஜின் மவுன்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) இரண்டும் கியர் பாக்ஸ் மவுன்டும் பார்த்திடுங்க. உள்ளே திரவம் இருக்கும் மவுன்ட், அமுங்கிப்போனால் கியர் மாறுவதே உதறல் மாதிரி தெரியும். டி-யில் (டிரைவ்) பிரேக் பிடித்து நிற்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் மவுன்ட்தான். முன் சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ்களும் நம் ரோட்டுக்குச் செலவு வைக்கும், ஜோடியாகத்தான் மாற்றணும்.

ஃபார்ம்25:

காகிதம் பற்றி யாரும் சொல்லவில்லை. 2008 பதிவு என்றால் 15 வருடம் 2023-லேயே முடிந்தது. ஆர்சி புதுப்பித்து 2028 வரை நீட்டித்திருக்கிறார்களா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண் போட்டுப் பாருங்கள். புதுப்பிக்கவில்லை என்றால் அந்தத் தலைவலியை விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும்: படிவம் 25, வண்டியை நேரில் காட்டி ஆய்வு, பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய கடன் இருந்திருந்தால் ஹைப்பாதிகேஷன் (ஆர்சியில் கடன் கொடுத்தவர் பெயரில் உள்ள அடமானக் குறிப்பு) நீக்கியிருக்க வேண்டும், படிவம் 35.

சாவி இரண்டும் இருக்கிறதா? இந்த வண்டிக்குத் தெருவில் சாவி அடிக்க முடியாது. மீட்டர் கி.மீ. பொய்யா என்று பார்க்க, ஸ்கேனரில் பழைய கோடுகள் பதிவான கி.மீ.யைப் பாருங்கள். மீட்டரைவிட அதிகமான எண் ஒன்று தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மில்லிஆம்ப்:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டபிள்யூ211-இல் 2006 நடுப்பகுதி ஃபேஸ்லிஃப்டுக்கு முந்தைய வண்டிகளில் எஸ்பிசி என்ற எலக்ட்ரானிக் பிரேக் இருக்கிறது. கேள்வி கேட்டவர் வண்டியில் அது இல்லை. ஆனால் விலை குறைவு என்று 2003, 2004 மாடல் தேடுபவர்கள் அதிகம். அதில் பிரேக் யூனிட் தன் உபயோகத்தைத் தானே எண்ணிக்கொண்டு, வரம்பு தாண்டியதும் சிவப்பு எச்சரிக்கை காட்டும். யூனிட் விலை வண்டி விலையோடு போட்டி போடும்.

பிரேக் பேட் மாற்றுவதற்கும் தனி முறை. கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அழுத்தினாலோ பம்ப் தானாக ஓடி பிரஷர் ஏற்றும். காலிப்பரில் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) விரல் இருந்தால் பிஸ்டன் நசுக்கிவிடும். முதலில் ஸ்கேனரில் எஸ்பிசியை டீஆக்டிவேட் செய்து, சாவியை எடுத்துத் தனியே வைத்த பிறகே காலிப்பரைத் தொட வேண்டும். வேலை முடிந்து அதே ஸ்கேனரில் ஆக்டிவேட் செய்து, பெடல் கெட்டியானதை உறுதி செய்யாமல் வண்டியை ஒரு அடி கூட நகர்த்தக் கூடாது.